மகாராஜாவோடு கரீபியன் கடலில்

கப்பல் பயணம் போகப்போகிறோம் என்பதை என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்வதற்கு முன்னால் மளிகைக்கடையில் சொல்லிவிட்டார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. பாரிசின் லா ஷப்பேல் பகுதியில் தமிழ்க்கடைகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டுக்குக் கீழேயே யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் சின்னதாகக் கடை போட்டிருந்தார். தெருவுக்கு மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் ஓடும்போதெல்லாம் அவருடைய பருப்பு டப்பாக்கள் கடகடவென்று ஆடும். நான் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் கல்லாவில் சாய்ந்தபடி, "நாங்க ரெண்டு பேரும் கரீபியன்ல குருவாசியேர் போறோம்" என்றார், அந்த பிரெஞ்சுச் சொல்லை மட்டும் உதட்டைக் குவித்து.

"அதென்ன அண்ணை?"

"கப்பல் பிரயாணம்பா. பெரிய கப்பல்."

"கப்பலிலையோ? எந்த ஊருக்கு?"

"ஊருக்கு இல்ல. தீவு தீவா நிக்கும். எல்லாத்தையும் பாத்துட்டு, ஏறின எடத்துக்கே கொண்டுவந்து விட்டுடும்."

கடைக்காரர் யோசித்தார். அவர் ஊரை விட்டு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. எந்தெந்த நாட்டிலோ இறங்கி, எவன் எவன் பேச்சையோ நம்பி வந்து சேர்ந்தவர்.

"ஏறின இடத்திலையே இறங்கிறதுக்கு ஏன் அண்ணை ஏறவேணும்?" என்றார் உண்மையிலேயே புரியாமல்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பயணத்தைப் பற்றி அதற்கு முன்னும் பின்னும் யாரும் இவ்வளவு அறிவோடு பேசி நான் கேட்டதில்லை. இவர் என்னை முறைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். பிரெஞ்சுக் குடியுரிமையோடு பாரிசுக்கு வந்து அப்போதே பல வருடங்கள். நான் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைப் பதிவு செய்யும் மேசையில் வேலை செய்தேன். இவர் நகராட்சி அலுவலகத்தில், நாங்கள் மெரி என்று சொல்லும் இடத்தில், பிறப்பு இறப்பு திருமணம் பதிகிற கவுண்டரில் இருந்தார். பிள்ளைகள் இல்லை. இவருடைய மேலதிகாரி முந்தைய வருடம் மனைவியோடு கரீபியன் தீவுகளுக்குக் கப்பலில் போய்வந்து, வறுத்த மிளகாய் நிறத்தில் திரும்பியிருந்தார். பிரெஞ்சுக்காரன் என்பதற்கு இனிமேல் அதுதான் அத்தாட்சி என்று இவர் முடிவு கட்டிவிட்டார் போலிருக்கிறது. நான் புதுச்சேரிக்குப் போய் என் அக்காவைப் பார்க்கலாம் என்றேன். "அங்க என்னா இருக்கு?" என்றார்.

மர்த்தினிக் தீவு வரை விமானம். அங்கே துறைமுகத்தில் கப்பல் நின்றது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை வெள்ளையடித்துத் தண்ணீரில் தள்ளிவிட்டதுபோல இருந்தது, பாரிசுக்குப் பக்கத்துச் சார்செலிலேயே பார்த்திருக்கலாம். எங்கள் அறைக்கு ஜன்னல் இல்லை. ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் கடலைப் படமாக வரைந்து மாட்டியிருந்தார்கள். இவர் அந்தப் படத்தின் முன்னால் நின்று, "ஆகா, காத்து!" என்றார்.

மறுநாள் காலையில்தான் மேல்தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். சாப்பிடப் போவதற்கு முன்பே ஜனங்கள் வந்து சாய்வு நாற்காலிகளில் துண்டு போட்டு இடம் பிடித்திருந்தார்கள். பிறகு வந்து எண்ணெய் தடவிக்கொண்டு, கருவாடு காயப்போட்டதுபோல வரிசையாகப் படுத்தார்கள். ஒரு பக்கம் வெந்ததும் திரும்பிப் படுத்தார்கள். மெத்ரோவில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருகிறவர்கள், என் நிறத்துக்கு வருவதற்காக இத்தனை தூரம் வந்து இந்தப் பாடு பட்டார்கள். என் வீட்டுக்காரரோ கழுத்தில் டையும் காலில் வெள்ளைக் காலுறையுமாக, குடைக்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெயிலுக்கு வாங்க என்றால், "கறுத்துப் போயிடுவேன்" என்றார்.

அப்படிப்பட்ட நாட்களைத்தான் ஓய்வு என்று விற்கிறார்கள். காலையில் சாப்பாடு. அது செரிப்பதற்கு முன்னால் பழமும் ஐஸ்கிரீமும். பிறகு தர்ப்பூசணியில் செதுக்கிய அன்னப்பறவையைச் சுற்றி மதியச் சாப்பாடு. கேளிக்கைகளுக்குப் பொறுப்பாக நடுத்தர வயதுக்காரர் ஒருவர் இருந்தார். கழுத்தில் விசில், முகத்தில் ஓயாத சிரிப்பு. யாராவது கொஞ்சம் கண்ணை மூடினால் போதும், விசில் ஊதி எழுப்பி, கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்பார். ஓய்வு பெற்ற நீதிபதிகளும் கம்பெனி முதலாளிகளும் அவர் சொன்னபடி வாத்துமாதிரி நடந்தார்கள்.

சாப்பாட்டு மேசையில் எங்களோடு லியோனைச் சேர்ந்த ஒரு பல் டாக்டரையும் அவர் மனைவியையும் போட்டிருந்தார்கள். டாக்டர் பேசுகிறவர்களின் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பார். முதல் நாளே எங்களைப் பார்த்து, "சொந்த ஊருக்குப் போவது சந்தோஷமாக இருக்குமே?" என்று கேட்டார். எங்களைத் தீவுக்காரர்கள் என்று நினைத்துவிட்டார்.

"நாங்கள் புதுச்சேரியைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர்கள்" என்றார் இவர் நிமிர்ந்து உட்கார்ந்து.

"அப்படியா! இந்தியா!" என்று டாக்டர் என் கடைவாய்ப் பல்லை ஆராய்ந்தார். அவர் மனைவி ஒல்லியான பெண்மணி. கணவர் பேசும்போது தட்டில் ரொட்டியைத் துணுக்கு துணுக்காகப் பிய்த்துக்கொண்டே இருப்பாள். அந்த நாலைந்து நாளில் அவள் பேசி நான் கேட்டது மிகக் குறைவு. மண்டு என்று நினைத்தேன்.

பிறகு மாறுவேட விருந்து வந்தது. விசில்காரர் எங்களிடம் ஓடிவந்து, "உங்களுக்கு வேடமே தேவையில்லை, ஊர் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தால் போதும்!" என்றார். என்னைச் சேலை கட்டிக்கொண்டு ஆபீஸ் விருந்துக்கு வராதே என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்த மனுஷன், அறைக்குப் போனதும் என் பெட்டியைக் குடைந்தார். அரக்கு நிறப் பட்டுப்புடவையைத் தலையில் தலைப்பாகையாகச் சுற்றி, கடல் படத்துக்கு மாட்டியிருந்த திரைச்சீலையின் குஞ்சத்தை அவிழ்த்து நெற்றியில் செருகி, என் கல் புரூச்சைக் குத்திக்கொண்டார். கண்ணாடியில் பார்த்து மீசையை முறுக்கினார்.

"எப்பிடி இருக்கேன்?"

"கல்யாண பேண்டு வாத்தியக்காரர் மாதிரி."

"நீ என்னா போட்டுக்கப் போற?"

நான் சாம்பல் நிறப் பாவாடையும் ஆபீஸ் சட்டையும் போட்டுக்கொண்டு, பாரிஸ் அலுவலகத்துப் பெண்ணாக வேடம் கட்டிப் போனேன். ஒருவருக்கும் புரியவில்லை. இவருக்கு முதல் பரிசு. கப்பல் தலைவர் கைகுலுக்கினார். அந்த நிமிடத்திலிருந்து இவர் பெயர் மகாராஜா.

அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பல் டாக்டரின் மனைவி மேசையில் கையை நீட்டி, "மகாராஜா, உங்கள் நாட்டில் எல்லோருக்கும் கைரேகை தெரியுமாமே?" என்றாள். இவர் என்னைப் பார்த்தார். நான் தர்ப்பூசணி அன்னத்தைப் பார்த்தேன். இவர் அந்தக் கையை வாங்கி, ஒரு விரலால் ரேகையைத் தொட்டு, கண்ணைச் சுருக்கினார். பிறகு கவுண்டரில் ஜனங்களிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார்:

"கொஞ்சம் தாமதமாகியிருக்கிறது, மதாம். ஆனால் உங்களுக்குச் சாதகமாகத்தான் முடியும். பொறுமையாக இருக்கவேண்டும்."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் தங்கள் கைகளையும் நீட்டினார்கள். மறுநாள் காலையில் இவருடைய குடைக்கு முன்னால் ஆள்கள் நின்றார்கள், மெரியில் நிற்பதுபோலவே. விசில்காரர் அன்றைய நிகழ்ச்சி நிரலில் உடற்பயிற்சிக்கும் மீன் சூப்புக்கும் நடுவில் 'மகாராஜா' என்று எழுதிச் சேர்த்துவிட்டார். இவர் தலைப்பாகையோடு உட்கார்ந்து ஒவ்வொரு கையாகப் பிடித்து, ஒரு கட்டம் தாண்டிவிட்டீர்கள், இன்னொரு கட்டம் பாக்கி என்றார்; மேலிடத்திலிருந்து பதில் வரும் என்றார்; தூரத்திலிருந்து ஒரு தகவல் எதிர்பார்க்கலாம் என்றார். எல்லாம் கவுண்டரில் அன்றாடம் சொல்கிற வாக்கியங்கள். அதே வாக்கியத்தை மெரியில் கேட்டால் கத்துகிறவர்கள் இங்கே கண்கலங்கினார்கள். ஒரு கம்பெனி முதலாளி இவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் புரிந்துகொண்டவர் நீங்கள் ஒருவர்தான் என்றார். பெண்கள் என்னிடம் வந்து, "இன்று மகாராஜாவின் மனநிலை எப்படி?" என்று விசாரித்தார்கள். மலச்சிக்கல் என்றேன் ஒரு தடவை. அதையும் ஏதோ தவம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

குவாதலூப்பில் கப்பல் நின்றபோது எங்களைப் பஸ்ஸில் ஏற்றி ஒரு கோயிலைக் காட்டக் கூட்டிப்போனார்கள். பஸ் ஓட்டியவர் வாட்டசாட்டமான ஆள், எங்கள் நிறம், எங்கள் முகம். தன் பெயரைச் சொன்னார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இருந்த பெயர். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. தாத்தாவின் அப்பா கரும்புத் தோட்டத்து வேலைக்காகப் புதுச்சேரியில் கப்பல் ஏறினாராம். அவர் போன கப்பல் ஏறின இடத்துக்குத் திரும்பவில்லை என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கோயில் வாசலில் பயணிகள் எல்லோரும் கேமராவோடு நிற்க, அவரும் வெகுளியாகக் கையை நீட்டினார்.

"எனக்கும் பாருங்களேன், மகாராஜா."

இவர் கையைத் தன் பின்பக்கம் கட்டிக்கொண்டார். "இன்றைக்கு நாள் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். ஓட்டுநர் தோளைக் குலுக்கிவிட்டு இஞ்சினைக் கிளப்பினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அறைக்கு வந்ததும் கேட்டேன்.

"முதலாளி கையெல்லாம் புடிச்சிப் பாத்தீங்க. டிரைவர் கை மட்டும் என்னா, அழுக்கா?"

இவர் புடவையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார். "அவன் நம்ம ஊர்க்காரன். அவன்கிட்ட போய் எப்பிடிப் பொய் சொல்றது?"

"அப்ப இவங்ககிட்ட சொல்றது?"

"இவங்க வெளையாடறாங்க. நானும் வெளையாடறேன். அவன் நெசமா கேட்டான்."

இவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஆனால் மறுநாளே இவர் பழையபடி குடைக்கு அடியில் உட்கார்ந்து, என் எரிச்சலுக்கு மறுபடியும் தீனி போட்டார். பல் டாக்டரின் மனைவி தினமும் வருவாள். அன்று இவருக்குச் சொல்வதற்குச் சரக்குத் தீர்ந்துவிட்டதோ என்னவோ, தன் பதிவேட்டு ஞாபகத்தில், "உங்களுக்கு இரண்டு திருமணம் இருக்கிறது, மதாம்" என்று சொல்லிவைத்தார். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். மதியம் மேசையில், ரொட்டியைப் பிய்க்காமல், நிதானமாகக் கணவரிடம் சொன்னாள்:

"எனக்கு இரண்டாவது கல்யாணம் நடக்குமாம். மகாராஜா சொல்கிறார்."

டாக்டர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அப்படியென்றால்? நான் செத்துப்போய்விடுவேனா?"

இவர் பதறிப்போனார். "இல்லை, இல்லை முசியே! நீங்கள் நூறு வயது இருப்பீர்கள்!"

உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அதன் அர்த்தம் மேசையைச் சுற்றிப் போய் எல்லோருக்கும் புரிய ஒரு வாய் சூப் குடிக்கிற நேரம் ஆனது. புருஷன் உயிரோடு இருக்க, பெண்டாட்டிக்கு இரண்டாவது கல்யாணம். டாக்டரின் மொட்டைத்தலை நெற்றியிலிருந்து பின்பக்கம் வரை சிவந்தது. "போலிச் சாமியார்! காட்டுமிராண்டி!" என்று கத்திவிட்டு நேரே கப்பல் அதிகாரியிடம் போனார். சற்று நேரத்தில் அதிகாரி வந்து, சக பயணிகளின் நிம்மதியை உத்தேசித்து மகாராஜா தன் சேவையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். எங்கள் மேசையையும் மாற்றினார்கள். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில்.

அழுத முதலாளி எங்கே போனார் என்று தெரியவில்லை. மனநிலை விசாரித்த பெண்கள் இவரைத் தாண்டும்போது கடலைப் பார்த்தார்கள். அன்று மாலையே சீட்டுக்கட்டு வைத்துப் பலன் சொல்லும் ஒரு பெல்ஜியத்து அம்மாள் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டாள். வரிசை அப்படியே அங்கே திரும்பியது. இவர் மிச்ச நாட்களை அறையில் அந்தக் கடல் படத்துக்கு எதிரே படுத்துக் கழித்தார். குஞ்சத்தைத் திரைச்சீலையில் நானே திரும்பக் கட்டினேன்.

இறங்குகிற நாளில் எல்லோரும் வழக்கம்போல முகவரி மாற்றிக்கொண்டார்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை, பல் டாக்டரின் மனைவியைத் தவிர. கணவர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த நேரம் பார்த்து வந்து கேட்டாள். இவர் தெருவின் பெயர், கதவு எண், மாடி எல்லாம் சரியாகச் சொன்னார். பொய்ப் பலன் சொல்வாரே தவிர, பொய் முகவரி கொடுக்க இவருக்கு வராது.

பாரிசுக்குத் திரும்பியதும் கடைக்காரர், "எப்பிடி அண்ணை கப்பல்?" என்று கேட்டார். இவர் தீவுகளையும் கப்பல் தலைவர் கைகுலுக்கியதையும் மகாராஜா பட்டத்தையும் சொன்னார். மீதியைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, கடையில் ஆள் இருந்தது.

குளிர்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. இவர் லுங்கியும் கம்பளிச் சட்டையுமாக உட்கார்ந்து மீன்குழம்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவு தட்டப்பட்டது. திறந்தால் கீழ்க்கடைக்காரர். அவருக்குப் பின்னால் நீலக் கோட்டோடு பல் டாக்டரின் மனைவி.

"அக்கா, இந்த மதாம் கதவு நம்பரைப் பாத்துக் கடைக்குள்ள வந்து மகாராஜா எங்கை எண்டு கேக்கிறா. எனக்கு முதல்ல விளங்கேல்லை. பிறகுதான் அண்ணையா இருக்குமோ எண்டு கூட்டிக்கொண்டு வந்தனான்."

"ஓம், இவர்தான்" என்றேன் அவர் பேச்சிலேயே. மகாராஜா எச்சில் கையோடு எழுந்து படுக்கையறைக்குள் ஓடினார். டை தேடுகிற சத்தம் கேட்டது. கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு படியிறங்கினார்.

அவளை உட்காரச் சொன்னேன். கோட்டைக் கழற்றாமலே, கணவரை விட்டுவிட்டதாகவும் பாரிசுக்குப் பக்கத்தில் ஓல்னே-சூ-புவாவில் தன் தங்கை வீட்டில் இருப்பதாகவும் சொன்னாள். வினை வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு குமாஸ்தாவின் உளறலை நம்பி ஒரு குடும்பத்தை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் பைத்தியக்காரி, இப்போது அந்த இரண்டாவது மாப்பிள்ளை எங்கே என்று கேட்கப்போகிறாள். இவர் லுங்கிக்கு மேலே டை கட்டிக்கொண்டு வந்து நின்றார். இனி மறைத்துப் பயனில்லை என்று நானே பேசினேன்.

"மதாம், தப்பாக நினைக்காதீர்கள். இவருக்குக் கைரேகை தெரியாது. இவர் மெரியில் வேலை செய்கிறார்."

"தெரியும்" என்றாள் அவள். "முதல் நாளே தெரியும். தாமதமாகியிருக்கிறது, பொறுமையாக இருங்கள் என்று கவுண்டருக்குப் பின்னால் இருக்கிறவர்கள்தானே சொல்வார்கள்? என் அப்பாவும் அந்த மாதிரி வேலைதான் பார்த்தார்."

"அப்புறம் ஏன் நம்பினீர்கள்?"

"நம்பினேன் என்று யார் சொன்னது?" அவள் என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். நான் கப்பலில் பார்த்த மண்டு அல்ல அது. "என் கணவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கத்தான் மேசையில் சொன்னேன். எனக்கு இரண்டாவது கல்யாணம் என்றதும் அவர் என்ன கேட்டார், நினைவிருக்கிறதா? நான் செத்துப்போவேனா என்று கேட்டார். நீ அப்படி விரும்புகிறாயா என்று கேட்கவில்லை. வேடிக்கையா என்றுகூடக் கேட்கவில்லை. மிச்சப் பயணம் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கு எனக்கு நேரம் நிறைய இருந்தது."

என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "அப்போது, மதாம்... இப்போது என்ன விஷயமாக?"

"என் பழைய பெயரை அடையாள அட்டையில் திரும்ப வாங்கவேண்டும். எங்கே போனாலும் இன்னொரு இடத்துக்கு அனுப்புகிறார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்குமே."

இவர் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். கப்பலில் முதல் பரிசு வாங்கியபோதுகூட அப்படி இல்லை. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தார். எந்த அலுவலகம், முதலில் யாரைப் பார்க்கவேண்டும், வக்கீலிடம் எதைக் கேட்டு வாங்கவேண்டும், எந்த நாளில் கூட்டம் இருக்காது என்று வரிசையாக, அவசரப்படாமல் சொன்னார். அவள் கேட்ட கேள்விகளையே மறுபடி கேட்டாலும் சலிக்கவில்லை. நான் காப்பி போட்டேன். இத்தனை வருடம் கூட இருந்தும், இந்த மனுஷன் பகல் முழுக்க என்ன செய்கிறார் என்று நான் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை என்று தோன்றியது. அந்த நினைப்பை அதிக நேரம் நீடிக்க விடவில்லை. அவள் போனதும் இவர் டையைத் தளர்த்திக்கொண்டு, "பாத்தியா, சாதகமா முடியும்னு அப்பவே சொன்னேன்ல?" என்றார்.

"லுங்கியைச் சரியாக் கட்டுங்க" என்றேன்.

அவள் அதற்குப் பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். புதிய அடையாள அட்டை கிடைத்த அன்று இனிப்புப் பெட்டியோடு வந்து, எங்கள் இருவர் கன்னத்திலும் முத்தமிட்டாள். தெருவில் நின்று உரக்க மகாராஜா என்று கூப்பிடுவாள். அதைக் கேட்டுக் கேட்டுக் கடைக்காரரும், பிறகு பக்கத்துக் கடைகளில் இருந்தவர்களும் மகாராஜா அண்ணை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இவர் முகத்தைச் சுளிப்பதுபோல நடித்தார். எனக்குத் தெரியாதா?

இரண்டாவது கல்யாணம் நடக்கவில்லை. அவளுக்கு ஒரு பூக்கடையில் வேலை கிடைத்தது. தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டாள். ஆண்களைப் பற்றிப் பேச்சு வந்தால், ஒன்று பார்த்தது போதும் என்பாள். இவர் மட்டும் விடுவதாக இல்லை. ரேகை அப்படித்தான் இருந்தது, இன்னும் வயதிருக்கிறது என்று என்னிடம் வாதாடுவார். எந்த ரேகை, எங்கே இருந்தது, காட்டுங்கள் என்று கையை நீட்டுவேன். அவசரமாகச் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொள்வார்.